பிராங்க்ளின் எழுதிய நாட்கணக்கு

இரவிற் கடையடைக்குமுன் அன்றைய வரவு செலவைச் சிட்டையிற் பதிந்து, கையிருப்பை எண்ணிச் சரிபார்த்து, அதன் பின்னரே திறவுகோலை மடியிற் செருகுதல் நம் முன்னோரது வழக்கம். ஓரணா உதைத்தாலும் அது போன வழி தெரியுமளவும் அவர்கள் கண்ணுறங்கியதில்லை. பொருட்கணக்கில் இத்துணைக் கருத்துடைய நாம், ஒருமுறை கழிந்தால் மீட்கலாகாத நாட்களுக்கு என்ன கணக்கு வைத்திருக்கிறோம்? பிறரிடத்துப் பெற்ற உதவிகளை எந்தப் பேரேட்டிற் பதிந்திருக்கிறோம்? இவ்வினாக்களை நெடுங்காலம் தம்மைத் தாமே கேட்டுக் கொண்ட பெரியார் ஒருவர் அமெரிக்க நாட்டில் வாழ்ந்திருந்தார். அவரே பெஞ்சமின் பிராங்க்ளின் என்பவர்.

மின்னலின் இயல்பை ஆராய்ந்தவர் என்றும், 1776-ஆம் ஆண்டின் அமெரிக்க சுதந்தரப் பத்திரத்திற் கையொப்பமிட்டவர் என்றும் அவரை உலகம் அறியும். அவ்வருஞ்செயல்களை விரித்துரைத்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஏழைச் சிறுவன் ஒருவன் அத்துணை உயரம் எய்துதற்கு ஏணியாயிருந்த சிற்சில அன்றாட வழக்கங்களை நம் சங்கத்து அன்பர்க்கும் அவர்தம் மக்களுக்கும் எடுத்துக் கூறுதலே நோக்கமாம்.

பிறப்பும் இளமையும்

பிராங்க்ளின் 1706-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 17-ஆம் நாள் பாஸ்டன் நகரிற் பிறந்தார். தந்தையாரான ஜோசையா மெழுகுதிரியும் சவர்க்காரமும் செய்து விற்றுக் குடும்பம் நடத்தியவர். அவருக்கு மக்கள் பதினெழுவர். பெஞ்சமின் ஆண்மக்களுள் இளையவர். இத்தகைய பெருங்குடும்பத்தில் அவர் பள்ளிக்குச் சென்றது இரண்டாண்டளவே. பத்தாம் வயதில் தந்தையின் பட்டறையில் திரி வெட்டும் வேலைக்கு வந்தார். பன்னிரண்டாம் வயதில் தமையனார் ஜேம்ஸ் என்பவரின் அச்சுக்கூடத்தில் தொழில் பயிலுமாறு உடன்படிக்கையினாற் கட்டுப்பட்டார்.

பள்ளியை இழந்தவர் படிப்பை இழந்தாரில்லை. புத்தகக் கடைகளில் வேலை செய்த பிள்ளைகளை நட்பாக்கிக் கொண்டு, மாலையில் ஒரு நூலை வாங்கி, இரவெல்லாம் கண்விழித்துக் கற்று, விடியுமுன் மாசு படாது திருப்பிக் கொடுப்பார். பதினாறாம் வயதில் புலாலுணவை நீக்கினார். தம் சாப்பாட்டுக்காகத் தமையனார் செலவிடும் தொகையிற் பாதியைத் தம் கையிற் கொடுத்தால் தாமே உண்டு கொள்வதாகக் கேட்டுப் பெற்று, அதிலும் பாதியை மிச்சம்பிடித்து நூல்கள் வாங்கினார். ஏனையோர் உணவுக்குப் போன வேளையில் ஒரு ரொட்டித் துண்டும் கைப்பிடி திராட்சை வற்றலும் உண்டு, எஞ்சிய நேரத்தைக் கல்விக்கு ஆக்கிக் கொண்டார். காசும் காலமும் ஒருங்கே மிஞ்சுதற்கு அவர் கண்ட வழி இது.

உரைநடை எழுதப் பழகியதும் இம்முறையிலேயே. ஸ்பெக்டேட்டர் என்னும் ஆங்கிலப் பத்திரிகையின் கட்டுரையொன்றைப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதி, சின்னாள் கழித்து அக்குறிப்பைக் கொண்டு கட்டுரையைத் தம் நடையில் மீட்டும் எழுதுவார். பின்னர் மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் குறைகளைத் திருத்துவார். ஆசிரியரில்லாத மாணவனுக்கு அந்த ஒப்பீடே ஆசிரியராயிற்று.

பிலதெல்பியாவும் இலண்டனும்

தமையனாரோடு மனம் வேறுபட்டு, 1723-இல், உடன்படிக்கைக் காலம் முடியுமுன்னரே சொல்லாமற் புறப்பட்டுப் பிலதெல்பியா நகரை அடைந்தார். அப்பொழுது அவருக்கு வயது பதினேழு. மறு ஆண்டில், பெரும் பதவியிலிருந்த ஒருவரின் பொய் வாக்குறுதியை நம்பி இலண்டன் மாநகருக்குச் சென்று, கையிற் பொருளின்றித் தவித்தார். ஆங்கே அச்சுக்கூடமொன்றில் வேலை பெற்றார். உடன் உழைத்தவர் பலர் வலிமை வேண்டி நாளெல்லாம் பீர் என்னும் மது அருந்தி, வாரக் கூலியில் நாலைந்து ஷில்லிங்கை அதற்கே இழந்தனர். பிராங்க்ளினோ நீரையே பருகினார். ஆயினும் அவர்கள் இருகையாலும் ஒன்றாகத் தூக்கிய அச்செழுத்துச் சட்டங்களை அவர் கைக்கு ஒன்றாக இரண்டு தூக்கிப் படியேறினார்.

1726-இல் நாடு திரும்பும்போது, கடனின்றிச் சிக்கனமாக வாழ்தல், வாய்மை தவறாமை, விடாது உழைத்தல், எவரையும் புறங்கூறாமை என்னும் நெறிகளை வகுத்துக் கொண்டார். பின்னர்ப் பிலதெல்பியாவிற் சொந்த அச்சுக்கூடம் நிறுவி, தாம் வாங்கிய காகிதத்தைத் தள்ளுவண்டியில் வைத்துத் தாமே தெருவழியே தள்ளிச் செல்லவும் கூசாது தொழிலை வளர்த்தார்.

பதின்மூன்று குணங்களும் ஒரு சிறு புத்தகமும்

இருபத்தைந்து வயதை அடுத்த காலத்தில் குற்றமே இல்லாத வாழ்வு வாழ்ந்து பார்ப்பதென்று துணிந்தார். எண்ணிய அளவிலேயே அது எளிதன்று என்பது புலனாயிற்று. ஒரு குற்றத்தைக் காத்து நிற்கையில் மற்றொன்று புறவாயில் வழியே நுழைந்தது. நல்லவனாதல் வேண்டும் என்னும் ஆசை மட்டும் போதாது, பழைய பழக்கத்தை முறித்துப் புதிய பழக்கத்தை ஊன்றுதற்கு ஒரு முறை வேண்டும் என்று தெளிந்தார்.

ஆதலின் மிதவுண்டி, நாவடக்கம், ஒழுங்கு, உறுதி, சிக்கனம், உழைப்பு, வாய்மை, நீதி, நிதானம், தூய்மை, மன அமைதி, கற்பு எனப் பன்னிரு குணங்களைத் தேர்ந்தார். நண்பர் ஒருவர் அவரிடத்துச் செருக்கு மிகுதி என்று அன்போடு சுட்டிக் காட்டவே, பணிவைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்தார். நண்பர் சொல்லைப் பகையாக எண்ணாது, தம் குறையாக எழுதிக் கொண்ட அச்செயலே பணிவின் தொடக்கமாம்.

இவற்றிற்கென ஒரு சிறு புத்தகம் தைத்தார். பக்கந்தோறும் சிவப்பு மையினால் ஏழு நாட்களுக்கு ஏழு பத்தியும், குணங்களுக்குப் பதின்மூன்று வரியும் கீறினார். ஒவ்வொரு மாலையும் அன்றைய நடத்தையை எண்ணிப் பார்த்து, தவறிய இடத்திற் கரும்புள்ளி வைத்தார். வாரத்திற்கு ஒரு குணமே தலையான முயற்சி. தோட்டக்காரன் எல்லாப் பாத்தியிலும் ஒரே நாளிற் களைபறிக்கப் புகாமல், ஒரு பாத்தியை முடித்து அடுத்ததற்குப் போதல்போல, பதின்மூன்று வாரத்திற் பதின்மூன்று குணங்களையும் சுற்றி வருவார். ஓராண்டில் நான்கு சுற்று நிறைவுறும். புள்ளிகளைச் சுரண்டியழித்து மீட்டும் எழுதியதிற் காகிதம் ஓட்டையாகிவிடவே, பின்னர் ஈரப் பஞ்சினால் துடைக்கத்தக்க தந்தத் தகடுகளில் எழுதலானார்.

நாளையும் இவ்வாறே பகுத்தார். காலை ஐந்து மணிக்கு எழுந்து, நீராடி, இறைவனை வணங்கி, அன்று தாம் செய்யத்தக்க நன்மை யாதென வினவிக் கொண்டு, நாளின் வேலையைத் திட்டமிட்டுப் படிப்பார். எட்டு முதற் பன்னிரண்டு வரை தொழில். அதன்பின் இருமணி நேரம் உணவும், நூலோ கணக்கோ பார்த்தலும். இரண்டு முதல் ஆறு வரை மீண்டும் தொழில். மாலையில் எடுத்த பொருள்களை எடுத்த இடத்தில் வைத்தல், இசை, உரையாடல், அன்று செய்த நன்மை யாதென ஆராய்தல். பத்து மணிக்கு உறக்கம்.

புள்ளியிட்ட கோடரி

இவற்றையெல்லாம் அவர் வென்று முடித்தாரோ எனின், இல்லை. ஒழுங்கு என்னும் ஒன்று அவரை வாழ்நாள் முழுதும் அலைக்கழித்தது. நினைவாற்றல் மிக்கவராதலின், பொருள்களை உரிய இடத்தில் வைக்கும் பழக்கம் இளமையிற் படியவில்லை. அச்சுத் தொழிலில் பிறர் வருகைக்கு இசைய வேண்டியிருந்தமையால், வகுத்த நேரமும் நில்லாது போயிற்று. அவ்வரியிற் கரும்புள்ளிகள் மலிந்தன.

இதற்கு அவர் ஒரு கதை எழுதினார். ஒருவன் கொல்லனிடம் கோடரி வாங்கி, வாய் பளபளப்பது போலவே உடலெல்லாம் பளபளக்க வேண்டும் என்றான். சாணைச் சக்கரத்தை அவனே சுற்றுவதாயின் தீட்டித் தருவதாகக் கொல்லன் இசைந்தான். கொல்லன் கோடரியின் அகன்ற பக்கத்தை வலுவாக அழுத்த அழுத்த, சக்கரம் சுற்றுவது பெரும்பாடாயிற்று. அவன் பலமுறை வந்து பார்த்து, கடைசியில் உள்ளபடியே கொடுத்துவிடச் சொன்னான். இன்னும் சுற்றினால் முழுதும் தெளியும், இப்பொழுது புள்ளிபுள்ளியாகத்தான் இருக்கிறது என்று கொல்லன் கூறியும், புள்ளியிட்ட கோடரியே தனக்கு மிகப் பிடித்திருக்கிறதென்று சொல்லிப் போய்விட்டான். இயலாமையை விருப்பமாக மாற்றிப் பேசும் மனித இயல்பை, தம்மையும் உட்படுத்தியே, பிராங்க்ளின் நகையாடினார். நிறைவை எட்டாவிடினும், முயலாதிருந்தால் ஆகியிருக்கக் கூடியதைவிட நல்லவனும் இன்பமுடையவனும் ஆயினமை அம்முயற்சியின் பயனே என்று எழுபத்தெட்டு வயதுக்கு மேல் எழுதி வைத்தார்.

நன்றிக் கணக்கு

இனி, இவ்வரலாற்றில் நாம் சிறப்பாகக் கருதத்தக்கது ஒன்றுண்டு. தாம் அன்றாடம் செய்த சிறு வழிபாட்டில், தம்மீது இடைவிடாது பொழியும் அருளுக்குத் தம்மாற் செய்யலாகும் கைம்மாறு, இறைவனின் ஏனைய மக்களுக்குத் தாம் செய்யும் உதவியே என்னும் கருத்தை அவர் அமைத்திருந்தார். நன்றி என்பது வாயளவில் நில்லாமற் கைக்கு இறங்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

இதனை அவர் கண்ணாற் கண்டது டென்ஹாம் என்னும் வணிகரிடத்து. அவர் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் வாணிகம் நொடித்துப் பலருக்குக் கடன்பட்டு, கொடுத்த அளவுக்கு அவர்கள் ஏற்றுக் கொள்ள, அமெரிக்கா சென்று பொருள் ஈட்டியவர். பிராங்க்ளின் சென்ற அதே கப்பலில் இங்கிலாந்து திரும்பி, பழைய கடன்காரர் அனைவரையும் விருந்துக்கு அழைத்தார். அன்று தமக்குக் காட்டிய தயவுக்கு நன்றி கூறினார். விருந்தினர் வேறொன்றும் எதிர்பாராது உண்டிருந்தனர். முதல் வட்டிலை எடுத்தபோது, ஒவ்வொருவர் வட்டிலின் கீழும் மீதிக் கடன் முழுமைக்கும் வட்டியோடு வங்கி உண்டியல் இருந்தது! சட்டப்படி தீர்ந்த கடன் மனப்படி தீரவில்லை என்று கருதியவர் அவர். பிராங்க்ளின் நாடு திரும்பக் கப்பற் செலவுக்கு உதவியவரும் இவரே.

பிராங்க்ளினும் தம் கடன்களை மறந்தாரல்லர். இளமையில் வெர்னன் என்பவருக்காக வசூலித்த பணத்தை நண்பனுக்குக் கொடுத்து இழந்த தவற்றை, பின்னாளில் அசலும் வட்டியும் நன்றியுரையும் சேர்த்துக் கொடுத்துத் தீர்த்தார். வஞ்சித்துப் பிரிந்து வந்த தமையனாரைப் பத்தாண்டுகளுக்குப்பின் தேடிச் சென்று கண்டார். நோயுற்றிருந்த ஜேம்ஸ் தம் மகனை ஏற்றுக் கொள்ளுமாறு வேண்டினார். அப்பிள்ளையைப் பள்ளியிற் படிக்க வைத்து, அச்சுத் தொழிலும் கற்பித்து, வளர்ந்தபின் புதிய அச்செழுத்துக்கள் வாங்கிக் கொடுத்து, தமையனாருக்குத் தாம் கெடுத்த உழைப்பை ஈடுசெய்தார்.

தீராத கடன்

கணக்கெழுதினவர் என்பதனால் அவர் கணக்கில் நிலுவையே இல்லை என்று சொல்லுதல் பொய்யாகும். அவர் மனைவியார் டெபோரா, கடையைக் கவனித்தும், தாள்களை மடித்துத் தைத்தும், காகிதஞ் செய்வோர்க்காகக் கந்தைகள் வாங்கியும் அவர் செல்வத்திற்குத் துணைநின்றவர். பிராங்க்ளின் 1764-இல் மறுமுறை அரசியற் பணிக்கு இலண்டன் சென்று பத்தாண்டு தங்கினார். கடலுக்கு அஞ்சி வீட்டில் இருந்த அம்மையார் அவர் வரவை நோக்கி நோக்கி 1774-இல் இறந்தார். உலகப் பணியில் நாளைப் பகுத்தவர் இல்லத்திற்கு உரிய நாட்களை ஒத்தி வைத்தார். அதனைத் திருப்பித் தர அவரால் இயலவில்லை.

அடிமைகளை உடைமையாக வைத்திருந்ததும், தம் பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்களை அச்சிட்டதும் அவர் வாழ்வின் பெருங்கறை. அக்கறையை முதுமையிலேனும் உணர்ந்து, 1787-இல் அடிமைமுறை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராகி, 1790-இல், இறப்பதற்குச் சில திங்கள் முன்னர், அம்முறையை ஒழிக்குமாறு அமெரிக்கக் காங்கிரஸுக்குச் சென்ற விண்ணப்பத்திற் கையொப்பமிட்டார். அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் தமது எண்பத்து நான்காம் வயதில் உலக வாழ்வை நீத்தார்.

நாம் கொள்ளத்தக்கது

அன்பர்காள்! செய்ந்நன்றியறிதலுக்குத் திருவள்ளுவனார் தனி அதிகாரம் வகுத்த நாடு நம் நாடு. கணக்கெழுதும் கையும் நம்மிடம் உண்டு. குறைவது இரண்டையும் இணைக்கும் பழக்கமே. பதின்மூன்று குணங்களை ஒருங்கே மேற்கொள்ள வேண்டுவதில்லை. ஒரு சிறு குறிப்பேடு போதும். வாரத்திற்கு ஒரு குணம் போதும். உறங்குமுன் ஐந்து நிமிஷம், இன்று எனக்கு உதவியவர் யார், நான் உதவியது யாருக்கு, ஒத்தி வைத்த கடமை எது என்று மூன்று வரி எழுதுக. தாய்மார் அடுக்களையில் உழைப்பதையும், வேலையாள் சுமப்பதையும் முதல் வரியிற் பதியத் தவறாதிருங்கள். அவைதாம் எளிதில் விட்டுப் போகும் பதிவுகள்.

சிறப்பாக இளைஞர்க்கு ஒன்று. சமூகத்தாரின் உபகாரச் சம்பளத்தாற் கற்று, உத்தியோகம் பெற்று, செல்வமும் சேர்த்தபின், அவ்வுதவியை முற்றும் மறந்து விடுவோர் உண்டு. பத்திரமெழுதி வாங்காத கடன் கடனன்று என்பது அவர்கள் எண்ணம் போலும். டென்ஹாமின் விருந்தை அவர்கள் நினைக்க வேண்டும். தம்மைப்போற் படிக்க வகையற்றிருக்கும் ஒரு பிள்ளையின் வட்டிலின் கீழ் அவர்கள் வைக்கும் பொருளே கைம்மாறு. அப்பிள்ளை நம் குலத்தானாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

பெற்றோர் இருக்கும்போதே, ஆசிரியர் இருக்கும்போதே, இல்லாள் காத்திருக்கும்போதே தீர்க்க வேண்டிய கணக்குகள் சில உண்டு. இன்றிரவே அவற்றை எடுத்துப் பாருங்கள்.