பட்டாணித் தோட்டத்துச் சுவாமியார்

உங்கள் வீட்டில் குழந்தை பிறந்ததும் சுற்றத்தார் கூடி, மூக்கு பாட்டனைப் போல, கண் தாயைப் போல என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். பெற்றோர் இருவரிடமும் காணாத சாயல் பிள்ளையிடம் தோன்றுவதும் உண்டு. அது எவ்வழியாய் வந்தது என்ற கேள்விக்குச் சரியான விடை கண்டவர் நம் திருச்சபையின் குரு ஒருவரே. அவர்தாம் அர்ச். அகுஸ்தீனார் சபையைச் சேர்ந்த கிரகோர் மெண்டல் சுவாமியார்.

அவர் 1822-ம் ஆண்டு ஜூலை மாதம், அன்று ஆஸ்திரிய இராச்சியத்தில் இருந்ததும் இன்று செக் நாட்டில் உள்ளதுமான ஒரு சிற்றூரில் குடியானவர் மகனாய்ப் பிறந்தார். தகப்பனார் அந்தோனி, வாரத்தில் மூன்று நாள் பிரபுவின் நிலத்தில் கூலியின்றி உழைத்தாக வேண்டும். 1838-ல் மரம் விழுந்து அவர் நலங்குன்றவே, மகனுடைய படிப்பு நின்றுபோகும் நிலை வந்தது. அப்போது தங்கை தெரேசாள் தன் சீதனத்தில் ஒரு பங்கை அண்ணனுக்காக விட்டுக்கொடுத்தாள். அந்தத் தியாகத்தை அவர் மறக்கவில்லை. பிற்காலத்தில் அவளுடைய மூன்று மக்களின் படிப்புக்கும் உதவினார். அவர்களில் இருவர் வைத்தியரானார்கள்.

1843-ல் பெர்னோ நகரத்து அர்ச். தோமையார் மடத்தில் சேர்ந்து, 1847-ல் குருப்பட்டம் பெற்றார். நோயாளிகளைச் சந்திக்கப் போன இடத்தில் அவர்கள் படும் வேதனையைக் காணச் சகியாமல் தாமே நோயுற்றார். அவருடைய இயல்பை அறிந்த மடாதிபதி நாப், அவரைப் பள்ளியில் போதிக்க அனுப்பினார். ஆனால் 1850-ல் ஆசிரியர் பரீட்சையில் தவறினார். வியன்னா சர்வகலாசாலையில் இரண்டாண்டு படித்த பின் 1856-ல் மறுபடியும் போனார். அப்போதும் சித்தியடையாமல் திரும்பினார்.

வேறொருவர் மனமுடைந்திருப்பார். சுவாமியாரோ அதே ஆண்டில் மடத்துத் தோட்டத்தில் பட்டாணி விதைத்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் தம் கையாலேயே மகரந்தம் சேர்த்துக் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டையே. அவற்றைத் தாமாகவே விதைபிடிக்க விட்டபோது, அடுத்த தலைமுறையில் உருண்டை 5,474, சுருங்கியது 1,850. மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கு! மறைந்துபோனதாய் எண்ணிய குணம் அழியவில்லை, ஒளிந்தே இருந்தது. ஒவ்வொரு குணத்துக்கும் தந்தை வழியில் ஒரு கூறும் தாய் வழியில் ஒரு கூறும் வருகின்றன என்று அவர் கண்டுகொண்டார். 1863 வரை ஏறக்குறைய 28,000 செடிகளை ஆராய்ந்தார்.

1865-ல் அவ்வூர் அறிஞர் சங்கத்தில் இதை இரண்டு கூட்டங்களில் விளக்கினார். மறு ஆண்டில் அது அச்சாயிற்று. எவரும் அதன் அருமையை உணரவில்லை. பரிணாமத்தைப் பற்றி எழுதிய டார்வின் நூலைச் சுவாமியார் படித்திருந்தார். ஆனால் குணங்கள் தலைமுறை தலைமுறையாய் இறங்கும் விதி தெரியாமல் தவித்த டார்வினோ, இவருடைய ஆராய்ச்சியை அறியாமலே 1882-ல் மறைந்தார். சுவாமியார் 1868-ல் மடாதிபதியாகி, மடத்தின் மீது விதித்த வரியை எதிர்த்துப் போராடிக் களைத்து, 1884 ஜனவரி 6-ந் தேதி, மூன்று இராஜாக்கள் திருநாளன்று மரித்தார். 1900-ல் மூன்று தாவர நூலார் தனித்தனியே அதே விதியைக் கண்டபோதுதான் உலகம் அவரைத் தேடிற்று. 2021-ல் அவருடைய கல்லறையையே திறந்து, அவர் எலும்புகளிலிருந்து அவருடைய பரம்பரைக் கூறுகளை விஞ்ஞானிகள் வாசித்தார்கள்.

இதனால் நமக்கு என்ன என்று கேட்பீர்களோ? தலசீமியா என்னும் கொடிய இரத்த நோய் இந்தப் பட்டாணிக் கணக்கின்படியே இறங்குகிறது. தாயும் தகப்பனும் சுகமாகவே இருப்பார்கள். இருவரிடமும் ஒரு கூறு ஒளிந்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. முதல் பிள்ளை நோயாளியாய்ப் பிறந்ததனால் அடுத்ததற்கு ஆபத்து நீங்கிவிடாது. ஆகையால் விவாகத்துக்கு முன், விசேஷமாய் இரத்த உறவுக்குள் மணமுடிக்க எண்ணுவோர், இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது விவேகம்.

இன்னும் ஒன்று. நோயுள்ள பிள்ளை பிறந்த வீட்டில் மருமகளைக் குறைகூறும் வழக்கம் உண்டு. அது அநியாயம். அந்நோய் தாயிடமிருந்து ஒரு பாதியும் தகப்பனிடமிருந்து ஒரு பாதியும் சேர்ந்தே வருகிறது. இருவரும் அறிந்து கொடுத்ததல்ல. பிறவிக் குருடனைக் கண்டபோது, யார் செய்த பாவமோ என்ற எண்ணத்தை நமதாண்டவர் தள்ளிவிட்டதைச் சுவிசேஷத்தில் நீங்கள் அறிவீர்கள். நோயாளியின் வேதனையைக் காணப் பொறுக்காத அந்தக் குருவின் தோட்டத்திலிருந்தே, பழி சுமந்த தாய்மாருக்கு இந்த ஆறுதல் பிறந்தது.

ஆதலால் பரீட்சையில் தவறிய மகனை இகழாதிருங்கள். பிள்ளையின் நோய்க்காகத் தாயைக் குற்றஞ்சாட்டாதிருங்கள். விதைத்தவன் விளைச்சலைக் காணாமலே போகலாம். சர்வேசுரன் பார்வையில் ஒரு விதையும் வீணல்ல.