கைவினைக் கவிஞர் பிளேக்

நூல் ஒன்று உருவாதற்குப் பலருடைய உழைப்பு வேண்டும். புலவர் பாடுவார், ஓவியர் படம் வரைவார், அச்சுக் கோப்போர் எழுத்துகளை அடுக்குவார், அச்சிடுவோர் தாளில் பதிப்பார், பதிப்பாளர் பொருள் செலவிட்டு வெளியிடுவார். இவ்வனைத்தையும் ஒருவரே தம் இல்லத்தில் இருந்து செய்தல் இயலுமோ? இயலும் என்று செய்து காட்டியவர், ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமாகிய வில்லியம் பிளேக் ஆவார்.

பிளேக் 1757ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 28ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் காலுறை முதலியன விற்கும் வணிகர். பிளேக் பொதுப் பள்ளியிற் பயின்றாரல்லர். அன்னையாரிடமே எழுத்தறிவு பெற்றார். மைந்தரின் ஓவிய வேட்கையைக் கண்ட பெற்றோர், அவரைப் பத்தாம் வயதில் ஓவியப் பள்ளியில் சேர்த்தனர். பின்னர், 1772ஆம் ஆண்டில், செப்புத் தகட்டிற் படம் செதுக்குவதில் வல்லவராகிய பேசயர் என்பவரிடம் தொழில் பயில விடுத்தனர். ஆசிரியர் மாணவரை வெஸ்ட்மின்ஸ்டர் பெருங்கோயிலுக்கு அனுப்பி, அங்குள்ள பண்டை மன்னர்தம் கல்லறைச் சிற்பங்களை வரையுமாறு பணித்தார். ஏழாண்டுகள் பயின்ற அத்தொழிலே பிளேக்கிற்கு வாழ்நாள் முழுதும் சோறளித்தது.

1782ஆம் ஆண்டில் கேதரின் என்னும் நங்கையைப் பிளேக் மணந்தார். அவ்வம்மையார் திருமணப் பதிவேட்டிற் கையொப்பத்திற்கு மாறாகப் பெருக்கற்குறி ஒன்றையே இட்டார். கணவர் அவருக்கு எழுதவும் படிக்கவும் கற்பித்தார். அச்சிடவும் வண்ணம் தீட்டவும் பழக்கினார். நாளடைவில் கேதரின் தம் கணவரின் தொழிலுக்கு வலக்கை போல் விளங்கினார்.

பிளேக்கிற்கு இராபர்ட்டு என்னும் தம்பி ஒருவர் இருந்தார். என்புருக்கி நோயால் வருந்திய அவரைப் பிளேக் இரவு பகலாய் உடனிருந்து பேணினார்; எனினும் 1787ஆம் ஆண்டில் தம்பி உயிர் நீத்தார். அக்காலத்தில் பிளேக்கின் உள்ளத்தை மற்றொரு கவலையும் வாட்டிக்கொண்டிருந்தது. தம் பாடல்களைப் படங்களுடன் வெளியிட அவர் விழைந்தார். ஆனால் அச்செழுத்து மேடாக நின்று பதிவது. செப்புத் தகட்டுப் படமோ பள்ளத்தில் மை தேங்கிப் பதிவது. ஆதலின் இரண்டிற்கும் வெவ்வேறு பொறிகள் வேண்டும், செலவும் இருமடங்காகும். இதற்கு வழி யாது என்று அவர் ஏங்கியிருந்தபோது, இறந்த தம்பி தோன்றிப் புதுமுறை ஒன்றை உரைத்ததாகப் பிளேக் கூறி வந்தார்.

அம்முறை வருமாறு: அமிலம் அரிக்காத ஒருவகை நெய்ம்மத்தால் செப்புத் தகட்டின்மீது பாடலை எழுதி, அதனைச் சூழப் படத்தையும் வரைதல் வேண்டும். தாளில் நேராகப் பதியும் பொருட்டு எழுத்துகளை இடவலம் மாற்றி எழுதுதல் வேண்டும். பின்னர்த் தகட்டின்மீது அமிலத்தை ஊற்றினால், எழுதாத இடமெல்லாம் அரிபட்டுப் பள்ளமாகும். எழுத்தும் படமும் ஒருங்கே மேடாக நிற்கும். அம்மேட்டில் மை தடவிக் கைப்பொறியில் வைத்துத் தாளை அழுத்தினால், பாடலும் ஓவியமும் ஒரே பக்கத்திற் பிணைந்து மலரும். இறுதியில் ஒவ்வொரு பக்கத்திற்கும் தூரிகையால் நீர்வண்ணம் தீட்டுதல் வேண்டும். இம்முயற்சியைத் தொடங்கியபோது இல்லத்தில் இரண்டரை ஷில்லிங்கே இருந்ததென்றும், அதில் ஒரு ஷில்லிங் பத்துப் பென்சுக்குக் கேதரின் வேண்டிய பொருள்களை வாங்கி வந்தார் என்றும் பிளேக்கின் வரலாற்றை எழுதினோர் கூறுவர்.

இவ்வாறு 1789ஆம் ஆண்டில் தோன்றியது ‘மாசின்மைப் பாடல்கள்’ என்னும் நூல். 1794ஆம் ஆண்டில் ‘பட்டறிவுப் பாடல்கள்’ அதனுடன் இணைந்தன. கொடிகள் எழுத்தோடு பின்னிப் படரும் அப்பக்கங்களிற் குழந்தைகளின் களிப்பும் உண்டு; புகைபோக்கிகளைத் துடைக்க விற்கப்பட்ட ஏழைச் சிறுவரின் துயரும் உண்டு. கையால் வண்ணம் தீட்டப்பெற்றமையின் ஒரு படி மற்றொரு படியை முழுதும் ஒத்திராது. அவ்வருமையே இடையூறும் ஆயிற்று. பொறியில் ஆயிரக்கணக்கிற் பெருகும் நூல்களோடு இருவர் கைகள் போட்டியிடல் எங்ஙனம்? சிலவே செய்யப்பட்டன; சிலரே வாங்கினர்.

பிறர் படங்களைச் செதுக்கிப் பெற்ற கூலியே குடும்பத்தைக் காத்தது. பொருள் தீர்ந்த நாளிற் கேதரின் ஒன்றும் பேசாது, வெறுந்தட்டைக் கணவர்முன் வைப்பார் என்பர். பிளேக்கும் குறிப்பறிந்து கூலிவேலையை மேற்கொள்வார். 1809ஆம் ஆண்டில் அவர் நடத்திய ஓவியக் காட்சியைக் காண வந்தோர் மிகச் சிலர். இதழ் ஒன்று அவரைப் பித்தர் என்றும் இகழ்ந்தது. ஆயினும் அவர் தம் முறையைக் கைவிட்டாரல்லர். ‘ஜெருசலம்’ என்னும் பெருங்காப்பியத்தை நூறு தகடுகளில் எழுதி முடித்தார். அதில் ஒரு படிக்கு மட்டுமே முழுமையாக வண்ணம் தீட்டினார். அதனை வாங்குவார் அரியர் என்பதை உணர்ந்தும், ஒரு பக்கத்தையேனும் குறையாக விட்டாரல்லர். அது விலைபோகாமலே அவர் இல்லத்திற் கிடந்தது.

முதுமையில் இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காப்பியத்திற்கு அவர் படம் வரையத் தொடங்கினார். நோயுற்றுப் படுக்கையிற் கிடந்தபோதும் அப்பணி தொடர்ந்தது. 1827ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள் பிளேக் மறைந்தார். கடன் பெற்ற பொருளால் அடக்கம் நிகழ்ந்தது. கல்லறைக்குப் பெயர்க்கல்லும் நாட்டப்படவில்லை. அவர்தம் உடல் கிடந்த இடத்தில் 2018ஆம் ஆண்டிலேயே கல் நாட்டினர்.

விலைபோகாத அந்த ‘ஜெருசலம்’ இன்று அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கலைக்கூடத்தில் அருஞ்செல்வமாகப் போற்றப்படுகிறது. நூலையே கலைப்பொருளாகச் செய்யும் ஓவியர் பலர் பிளேக்கைத் தம் முன்னோடியாகக் கொண்டாடுகின்றனர். காண்பார் இலர் என்று கைத்தொழிலிற் குறைவைப்பார் உளர். காண்பார் இல்லாதபோதும் நூறாவது பக்கம்வரை நிறைவாகச் செய்த பிளேக்கின் வாழ்வு, தொழிலை மதித்துப் பேண விரும்புவார்க்கு நல்லதோர் வழிகாட்டியாகும்.