குடத்திலிட்ட விளக்கு: விம்பிள்டன் வீராங்கனை லீனா ரைஸ்

ஆண்டுதோறும் கோடைக் காலத்தில் டென்னிஸ் உலகின் கண்கள் எல்லாம் லண்டன் மாநகரத்து விம்பிள்டன் புல்தரையை நோக்கித் திரும்புகின்றன. அங்கு வாகை சூடும் நங்கையரின் பெயர்கள் நாளேடுகளில் கொட்டை எழுத்துகளில் வெளிவருகின்றன. நாமும் அவற்றை ஆவலோடு படித்து மகிழ்கிறோம். அந்த நீண்ட வெற்றிப் பட்டியலில் 1890 என்னும் ஆண்டுக்கு நேரே ஒரு சிறிய பெயர் இருக்கிறது. லீனா ரைஸ் என்பதே அப்பெயர். விம்பிள்டன் மகளிர் ஒற்றையர் பட்டத்தை இன்றுவரை வென்ற ஒரே அயர்லாந்துப் பெண் அவர்தாம். ஆயினும் குன்றின்மேல் இட்ட விளக்காய் ஒளிர வேண்டிய அவர் புகழ், குடத்திலிட்ட விளக்காகவே பல காலம் இருந்துவிட்டது. அன்பு மாணவியரே, அந்த வீராங்கனையின் வாழ்க்கையைச் சற்றே அறிந்துகொள்வோமா?

பிறப்பும் இளமையும்

அயர்லாந்தின் தென்பகுதியில் டிப்பரேரி என்னும் மாவட்டம் உள்ளது. பசும்புல் வெளிகளும், கறவை மாடுகளும், குதிரைகளும் நிறைந்த வளமான பூமி அது. அங்கே நியூ இன் என்ற சிற்றூருக்கு அருகில் மார்ல்ஹில் என்றொரு பண்ணை வீடு இருந்தது. அவ்வீட்டில் 1866ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 21ஆம் நாள் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஹெலினா பெர்த்தா கிரேஸ் ரைஸ் என்பது குழந்தைக்கு இட்ட பெயர். வீட்டில் எல்லாரும் லீனா என்று செல்லமாக அழைத்தனர். உலகமும் பின்னர் அப்பெயரையே ஏற்றுக்கொண்டது.

எட்டுப் பிள்ளைகள் கொண்ட அக்குடும்பத்தில் லீனா ஏழாவது பிள்ளை. அவருக்கு இரண்டு வயது ஆனபோதே, 1868இல் தந்தை காலமானார். பெரிய பண்ணை, பெரிய குடும்பம். ஆனால் தாங்கி நிற்க வேண்டிய தூண் சாய்ந்துவிட்டது. பணக் கஷ்டம் வீட்டை நெருக்கியது. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கும் பொறுப்பு முழுவதும் தாயின் தோளில் விழுந்தது. தந்தையின் முகம் நினைவில் நில்லாத அந்தப் பெண் தாயின் நிழலிலேயே வளர்ந்தார்.

அந்நாளில் புல்தரை டென்னிஸ் ஒரு புத்தம்புதிய விளையாட்டு. 1874இல்தான் விங்ஃபீல்டு என்ற இராணுவ அதிகாரி அதன் விதிகளையும் கருவிகளையும் வகுத்து விற்பனைக்குக் கொணர்ந்தார். சமதரையான புல்வெளியும், ஒரு வலையும், மட்டைகளும், பந்துகளும் இருந்தால் போதும். வீட்டுத் தோட்டமே ஆடுகளமாகிவிடும். மார்ல்ஹில் வீட்டுப் புல்வெளியில் லீனாவும் அவர் சகோதரி ஆனியும் ஒருவருக்கொருவர் எதிராக நின்று ஆடிப் பழகினர். பிறகு, சூர் ஆற்றங்கரையில் பழம்பெரும் கோட்டையோடு விளங்கும் காஹிர் நகரத்து டென்னிஸ் சங்கத்தில் சேர்ந்து ஆடினர். பெயர்பெற்ற பயிற்சியாளரோ, நகரத்து வசதிகளோ அவர்களுக்கு இல்லை. அக்காவும் தங்கையும் ஓயாமல் பந்தடித்த பழக்கம்தான் லீனாவின் முதற் பள்ளிக்கூடம்.

அக்காலத்துப் பெண்களும் விளையாட்டும்

இன்று நாம் விளையாட்டு உடை அணிந்து துள்ளி ஓடுகிறோம். அன்றைய நிலை வேறு. கணுக்கால் வரை தொங்கும் கனத்த பாவாடை, இடுப்பை இறுக்கிக் கட்டிய உள்ளாடை, மணிக்கட்டு வரை நீண்ட கை, தலையில் தொப்பி. இவ்வளவையும் சுமந்துகொண்டுதான் பெண்கள் ஆட வேண்டும். வேகமாக ஓடுவதும் தாவுவதும் பெண்மைக்கு அழகல்ல என்று எண்ணிய காலம் அது. பெரும்பாலோர் ஆடுகளத்தின் பின்கோட்டருகே நின்றபடி பந்தைத் திருப்பி அனுப்புவதோடு நிறைவடைந்தனர்.

ஆனால் ஒரு செய்தியில் அயர்லாந்து மற்ற நாடுகளை முந்திக்கொண்டது. விம்பிள்டனில் ஆடவர் போட்டி 1877இல் தொடங்கியது. மகளிருக்கு அங்கே 1884இல்தான் கதவு திறந்தது. டப்ளின் நகரத்து ஃபிட்ஸ்வில்லியம் சங்கமோ 1879இல், தன் முதல் அயர்லாந்து வாகைப் போட்டியிலேயே, மகளிருக்கு ஒற்றையர் ஆட்டம் வைத்துவிட்டது. அதிலும் பெண்கள் பொதுமக்கள் கண்ணில் படாதபடி, சங்க உறுப்பினர்களின் அழைப்புச் சீட்டுப் பெற்றவர்கள் மட்டுமே பார்க்கும் களத்தில்தான் ஆட நேர்ந்தது. அந்த முதல் போட்டியில் வென்ற மே லாங்ரிஷ் என்ற சிறுமிக்கு வயது 14! இப்படி முன்னே சென்றவர்கள் அமைத்துத் தந்த பாதையில்தான் லீனாவும் நடந்தார்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை

1889ஆம் ஆண்டு, தம் 22ஆம் வயதில், லீனா முதன்முறையாகச் சொந்த மாவட்டத்தை விட்டு வெளியே போட்டியிடச் சென்றார். மே மாதம் டப்ளினில் நடந்த அயர்லாந்து வாகைப் போட்டியே அது. ஒற்றையரில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரி பிளாஞ்ச் ஹில்யார்டு அம்மையாரிடம் தோற்றார். ஆனால் வில்லபி ஹாமில்டன் என்ற அயர்லாந்து வீரருடன் இணைந்து கலப்பு இரட்டையர் பட்டத்தை வென்றார். கிராமத்துப் பெண் ஒருத்தி திடீரென வந்து தலைநகரில் பட்டம் வென்றதைக் கண்டு பார்வையாளர் வியந்தனர்.

அந்த ஊக்கத்தோடு லீனா கடல் கடந்து விம்பிள்டன் சென்றார். முதல் முயற்சியிலேயே இறுதி ஆட்டத்தை எட்டினார். எதிரே நின்றவர் அதே ஹில்யார்டு அம்மையார். 1886இலேயே விம்பிள்டனை வென்றிருந்தவர். மொத்தம் ஆறு முறை வெல்லப் போகிறவர். சிறிதும் அஞ்சாமல் ஆடிய லீனா முதல் செட்டை 6-4 என்று கைப்பற்றினார். இரண்டாம் செட்டிலும் முந்தினார். இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் பட்டம் அவருக்கு என்ற நிலை ஒரு முறையல்ல, மூன்று முறை வந்தது. மூன்று முறையும் அந்தப் புள்ளி கைநழுவியது. அனுபவம் மிக்க ஹில்யார்டு தளராமல் போராடி அந்தச் செட்டை 8-6 என்றும், கடைசிச் செட்டை 6-4 என்றும் வென்றுவிட்டார்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. இத்தகைய தோல்வி ஒருவரை என்ன செய்யும்? சிலர் மட்டையை மூலையில் வைத்துவிட்டு, நமக்கு இது விதிக்கப்படவில்லை என்று இருந்துவிடுவார்கள். லீனா அப்படி இருக்கவில்லை. அடுத்த ஆண்டும் டப்ளின் போட்டியில் ஆடினார். அங்கே லூயிசா மார்ட்டின் என்ற சிறந்த அயர்லாந்து ஆட்டக்காரியிடம் தோற்றார். தோல்விக்கு மேல் தோல்வி வந்தும் மனம் உடையாமல் மறுபடியும் விம்பிள்டனுக்கே கப்பலேறினார்.

வெற்றித் திருநாள்

1890ஆம் ஆண்டு விம்பிள்டன் மகளிர் போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்கள் நால்வர் மட்டுமே. அப்போட்டியின் வரலாற்றிலேயே மிகக் குறைந்த எண்ணிக்கை அதுதான். அரையிறுதியில் மேரி ஸ்டீட்மன் என்பவரை 7-5, 6-2 என்று லீனா வென்றார். இறுதி ஆட்டத்தில் மே ஜாக்ஸ் என்பவரை 6-4, 6-1 என்று தோற்கடித்தார். அன்றைய விதிப்படி, முந்தைய ஆண்டு வென்றவர் போட்டியில் கலந்துகொள்ளாமல் காத்திருந்து, இறுதியில் வெல்பவரோடு மட்டும் மோதுவார். அவ்வாண்டு ஹில்யார்டு பட்டத்தைக் காக்க வரவில்லை. ஆகவே விம்பிள்டன் மகளிர் வாகை லீனாவின் தலையில் ஏறியது.

அந்த இறுதி ஆட்டத்தில் ஒரு புதுமை நிகழ்ந்ததாகக் கூறுவர். உயரே எழும்பி வந்த பந்தை, அது தரையில் விழும்வரை காத்திராமல், தாவி எழுந்து மேலிருந்து கீழாக ஓங்கி அடித்தார் லீனா. பெண்கள் ஆட்டத்தில் அதுவரை கண்டிராத அந்த அடியே ஸ்மாஷ் என்று இன்று நாம் சொல்லும் அடியின் முன்னோடி என்பர். கனத்த பாவாடையும் இறுக்கிய இடையுமாக ஒரு பெண் அப்படித் தாவினார் என்றால், அந்தத் துணிவை என்னவென்பது!

அவ்வாண்டு விம்பிள்டனில் அயர்லாந்துக்கு மும்மடங்கு மகிழ்ச்சி. ஆடவர் ஒற்றையரில், லீனாவின் பழைய இணை ஆட்டக்காரரான வில்லபி ஹாமில்டன், இங்கிலாந்தின் மாவீரர் வில்லியம் ரென்ஷாவை ஐந்து செட்களில் வென்றார். ஆடவர் இரட்டையரை ஜோஷுவா பிம், ஃபிராங்க் ஸ்டோக்கர் ஆகிய அயர்லாந்து வீரர்கள் கைப்பற்றினர். ஆடவர் ஒற்றையர், ஆடவர் இரட்டையர், மகளிர் ஒற்றையர் என மூன்று பட்டங்களும் ஒரே ஆண்டில் அச்சிறிய நாட்டுக்குச் சென்றன. அத்தகைய ஆண்டு அயர்லாந்து டென்னிஸுக்குப் பின்னர் வாய்க்கவே இல்லை.

எளிதான வெற்றியா?

நால்வர் மட்டுமே ஆடிய போட்டியில் வெல்வது பெரிய காரியமா என்று கேட்பவர்கள் உண்டு. லீனாவின் பெயர் மறைந்து போனதற்கு இக்கேள்வியும் ஒரு காரணம். நாம் நடுநிலையோடு எண்ணிப் பார்ப்போம். போட்டிக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பது லீனாவின் கையில் இல்லை. வந்து நிற்பதும், முழு மனத்தோடு ஆடுவதுமே அவர் கையில் இருந்தன. அவற்றை அவர் குறைவின்றிச் செய்தார். முந்தைய ஆண்டு, அக்காலத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரி ஒருவருக்கு எதிராக, வெற்றிக்கு ஒரே புள்ளி தொலைவில் மூன்று முறை நின்றவர் அவர். 1886 முதல் 1894 வரை விம்பிள்டன் மகளிர் பட்டியலைப் பார்த்தால், லாட்டி டாட், பிளாஞ்ச் ஹில்யார்டு என்ற இரண்டு பெயர்களே மாறி மாறி வருகின்றன. அந்த ஒன்பது ஆண்டுகளில் அவ்விருவருக்கும் இடையே நுழைந்த ஒரே பெயர் லீனா ரைஸ்!

அமைதியான இறுதி நாட்கள்

விம்பிள்டன் வெற்றிக்குப் பின் லீனா மார்ல்ஹில் வீட்டுக்குத் திரும்பினார். 1891இல் அவர் ஒரே ஓர் ஆட்டம் ஆடி வென்றிருந்தால் போதும். பட்டம் அவரிடமே தங்கியிருக்கும். ஆனால் அவர் செல்லவில்லை. அந்த ஆண்டில்தான் அவருடைய அன்புத் தாயார் மறைந்தார். தந்தையற்ற பிள்ளைகளைத் தனியாய் வளர்த்த தாய் அல்லவா! அதன்பின் லீனா பெரிய போட்டிகள் எதிலும் மட்டையைத் தொடவில்லை. 24ஆம் வயதோடு அவருடைய விளையாட்டு வாழ்க்கை முற்றுப் பெற்றது. திருமணம் செய்துகொள்ளாமல், பிறந்த மண்ணிலேயே அமைதியாக வாழ்ந்தார்.

காசநோய் அந்நாளில் அயர்லாந்தை வாட்டி வதைத்தது. அந்நோயை உண்டாக்கும் கிருமியை 1882இலேயே கண்டறிந்துவிட்டனர். ஆனால் அதைக் கொல்லும் மருந்து கிடைக்க மேலும் 60 ஆண்டுகள் ஆயின. 1907இல் அபர்தீன் சீமாட்டி அயர்லாந்துப் பெண்களைத் திரட்டி, காசநோயை எதிர்ப்பதற்கென்றே ஒரு சுகாதார சங்கத்தைத் தொடங்கினார். அதே 1907ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள், தம் 41ஆம் பிறந்த நாளன்று, லீனா ரைஸ் காசநோயால் உயிர் நீத்தார். ஒரு காலத்தில் விம்பிள்டன் புல்தரையில் தாவிய உடல் நியூ இன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

நாம் கற்கும் பாடம்

மாணவியரே, லீனாவின் வாழ்க்கை நமக்கு இரண்டு உண்மைகளைச் சொல்கிறது. முதலாவது, மூன்று முறை கைநழுவிய வெற்றிக்காக அழுதுகொண்டே இராமல் நான்காம் முறை கை நீட்டுபவருக்கே அது கிட்டும். வசதிகள் இல்லை, பயிற்சியாளர் இல்லை என்று குறை கூறுமுன், அக்காவும் தங்கையுமாய்ப் பந்தடித்த அந்தப் புல்வெளியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, புகழ் எப்போதும் தகுதியின் அளவுகோல் அல்ல. சில காலமே ஒளிர்ந்து, பின் வீட்டின் அமைதிக்குள் திரும்பிவிட்ட பெண்களை உலகம் எளிதில் மறந்துவிடுகிறது. நம் இல்லங்களிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கலாம். பாட்டியின் பெட்டிக்குள் பள்ளி நாட்களில் வாங்கிய பதக்கம் ஒன்று கறுத்துக் கிடக்கலாம். இந்த விடுமுறையில் அதை எடுத்துத் துடைத்து, அதன் கதையை அவர்கள் வாயாலேயே கேளுங்கள். அப்போது குடத்திலிருந்து இன்னொரு விளக்கு வெளியே வரும்.