கைகொடுத்த பெண்கள்

கொர்னேலியா சொராப்ஜி அம்மையார் 1866-ஆம் ஆண்டு நாசிக்கில் பிறந்தார். பட்டத் தேர்வில் முதன்மை பெற்றும், பெண் என்பதால் இங்கிலாந்து சென்று படிக்க அரசு உதவித்தொகை மறுக்கப்பட்டது. மேரி ஹாப்ஹவுஸ், ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் முதலிய பெருமாட்டிகள் பணம் சேர்த்து உதவினர். 1892-இல் ஆக்ஸ்போர்டில் சட்டத் தேர்வு எழுதினார். ஆயினும் பெண்களுக்கு அன்று அங்கே பட்டமில்லை. தாயகத்தில் நீதிமன்றக் கதவும் திறக்கவில்லை.

அவர் சோர்ந்துவிடவில்லை. 1904 முதல் வங்காளத்தில், ஆடவரைக் காணாது திரைமறைவில் வாழ்ந்த விதவைகளிடம் தாமே சென்று, அவர்களது சொத்துரிமையைக் காக்கச் சட்ட ஆலோசனை கூறினார். பெண்கள் வழக்கறிஞராக இருந்த தடையை 1923-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. மறு ஆண்டே கல்கத்தாவில் வழக்கறிஞரானார். 1954-இல் மறைந்தார்.

தோழியரே, சில பெண்கள் கைகொடுத்ததால் ஒருவர் படித்தார். அவர் படித்ததால் பலர் உரிமை பெற்றனர். நாமும் ஒருவருக்கொருவர் கைகொடுப்போமாக!