புச்சி பாபு நாயுடு

மோதவரப்பு வெங்கட மகிபதி நாயுடு (1868 - டிசம்பர் 1908) என்னும் இயற்பெயர் கொண்ட புச்சி பாபு நாயுடு, சென்னையைச் சேர்ந்த துடுப்பாட்ட (கிரிக்கெட்) வீரரும் புரவலரும் ஆவார். இவர் தென்னிந்தியத் துடுப்பாட்டத்தின் தந்தை எனப் போற்றப்படுகிறார். ஆங்கிலேயர் மட்டுமே உறுப்பினராக இருந்த கழகத்துக்கு எதிராக இந்தியருக்கென ஒரு கழகத்தை நிறுவியதும், பின்னர் அதே ஆங்கிலேயருடன் சமநிலையில் மோதும் மாகாணப் போட்டிக்கு வழிவகுத்ததும் இவரது முதன்மையான பணிகளாகும்.

இளமைக் காலம்

புச்சி பாபு தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட செல்வக் குடும்பத்தில் பிறந்தார். இவரும் இவருடைய சகோதரர்களும் தாய்வழிப் பாட்டனாரான மோதவரப்பு தேரா வெங்கடசாமி நாயுடுவின் ஆதரவில் வளர்ந்தனர். பாட்டனார் பாரி நிறுவனத்தில் துபாஷாகப் பணியாற்றியவர். ஆங்கிலேய வணிகருக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்தவர்கள் துபாஷ் எனப்பட்டனர். அன்றைய சென்னையில் இவர்கள் பெரும் செல்வமும் செல்வாக்கும் பெற்றிருந்தனர். குடும்பத்தின் இல்லம் மயிலாப்பூரை அடுத்த லஸ் பகுதியில் அமைந்திருந்தது.

வீட்டுப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள ஆங்கிலேயப் பெண்கள் அமர்த்தப்பட்டிருந்தனர். அவர்கள் சிறுவர்களைச் சேப்பாக்கத்துக்கு அழைத்துச் சென்று ஆட்டங்களைக் காட்டுவது வழக்கம். புச்சி பாபுவுக்குத் துடுப்பாட்டத்தின்மீது பற்று உண்டானது இவ்வாறே.

சேப்பாக்கமும் மரநிழலும்

மதராஸ் கிரிக்கெட் கிளப் 1846 இல் ஆங்கிலேயரால் தொடங்கப்பட்டது. 1860களில் அது சேப்பாக்கத்தில் நிலைகொண்டு அங்கே தனக்கென ஒரு விளையாட்டரங்கக் கூடத்தை எழுப்பிக்கொண்டது. இந்தியர்கள் இக்கழகத்தில் உறுப்பினராக இயலாது. இந்திய அணியினர் அங்கே ஆட வந்தாலும் கூடத்துக்குள் அனுமதிக்கப்படுவதில்லை. ஆங்கிலேய வீரர்கள் உள்ளே அமர்ந்து மதிய உணவு உண்ணும்போது, காலை முழுவதும் அவர்களுடன் ஆடிய இந்தியர்கள் வெளியே மரத்தடியில் அமர்ந்து உண்ண வேண்டியிருந்தது.

துடுப்பாட்டம் நன்னடத்தையைக் கற்பிக்கும் ஆட்டம் என ஆங்கிலேயர் பெருமையாகப் பேசிவந்த காலம் அது. நடுவரின் தீர்ப்பை மறுக்காதிருத்தல், எதிரணியின் திறமையைப் பாராட்டுதல் ஆகியவை அதன் இலக்கணமாகக் கூறப்பட்டன. ஆனால் அந்த இலக்கணம் எல்லைக்கோட்டுக்கு உள்ளே மட்டுமே செல்லுபடியாயிற்று. இந்த முரண்பாடே புச்சி பாபுவைச் செயலில் இறங்கச் செய்தது.

மதராஸ் யுனைட்டெட் கிளப்

மரத்தடி விருந்தோம்பலை எதிர்கொள்ள இந்தியர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. அவமதிப்பைப் பொறுத்துக்கொண்டு தொடர்ந்து ஆடலாம். அல்லது ஆட்டத்தையே விட்டு விலகலாம். புச்சி பாபு மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். இந்தியர்களுக்கெனத் தனிக் கழகமும் தனி மைதானமும் இருந்தால், அழைக்கப்படும் விருந்தினராக அன்றி, அழைக்கும் உரிமையுடைய அணியாக நிற்க முடியும் என அவர் கருதினார். இதன் விளைவாக 1888 இல் மதராஸ் யுனைட்டெட் கிளப் தோன்றியது. அப்போது இவருக்கு வயது சுமார் இருபது மட்டுமே. ஜார்ஜ் டவுனை ஒட்டிய எஸ்பிளனேடு பகுதியில் இக்கழகம் தன் மைதானத்தை அமைத்துக்கொண்டது.

துடுப்பாட்டம் செலவு மிக்க ஆட்டமாகும். மட்டை, பந்து, கால் காப்பு, வெள்ளுடை ஆகியவற்றை வாங்கும் வசதி பெரும்பாலான இளைஞர்களுக்கு இல்லை. புச்சி பாபு தம் சொந்தச் செலவில் இவற்றை வாங்கித் தந்து, பலருக்குப் பயிற்சியும் அளித்தார். பாட்டனாரின் செல்வம் இல்லாவிட்டால் இம்முயற்சி நிறைவேறியிருக்காது என்பதும் உண்மையே. இவரைப் போன்ற வசதி படைத்தவர்களின் ஆதரவையே இந்தியரின் துடுப்பாட்டம் அன்று பெரிதும் நம்பியிருந்தது.

மாகாணப் போட்டி

இரு கழகங்களும் ஆடிய ஆட்டங்களில் போட்டியுணர்வு வளர்ந்தது. ஆண்டுதோறும் ஐரோப்பிய அணியும் இந்திய அணியும் முறையாக மோதவேண்டும் என்ற எண்ணம் உருப்பெற்றது. இதற்காகப் புச்சி பாபு மதராஸ் கிரிக்கெட் கிளப்பின் நிர்வாகிகளுடன் பேசி அவர்களை இணங்கச் செய்தார். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் எந்தக் கழகத்தின் நடத்தை இவரைத் தனி வழி செல்லத் தூண்டியதோ, அதே கழகத்துடன் இவர் உடன்பாடு கண்டார் என்பது குறிப்பிடத்தக்கது. முதற் போட்டி டிசம்பர் 1908 இல் நடைபெறத் திட்டமிடப்பட்டது. இந்திய அணிக்குப் புச்சி பாபுவே தலைமை தாங்குவதாக இருந்தது.

பம்பாயில் இதையொத்த போட்டிகள் முன்னரே தொடங்கியிருந்தன. 1892 முதல் ஐரோப்பியரும் பார்சிகளும் மோதினர். 1907 இல் இந்துக்களும், 1912 இல் முஸ்லிம்களும் தனி அணிகளாகச் சேர்ந்தனர். 1937 இல் ஐந்தாவது அணியும் இணைந்தது. மத அடிப்படையில் அணிகள் பிரிக்கப்பட்டதற்கு நாட்டில் எதிர்ப்பு வலுத்தது. 1940 இல் காந்தியும் இதை ஏற்கவில்லை. 1946 உடன் அப்போட்டி முடிவுக்கு வந்தது. சென்னைப் போட்டியில் இந்தியர் அனைவரும் மத வேறுபாடின்றி ஒரே அணியாக ஆடினர். எனவே பம்பாயில் எழுந்த வகுப்புவாதச் சிக்கல் இங்கே எழவில்லை.

மறைவு

தாம் பாடுபட்டு ஏற்பாடு செய்த போட்டியைக் காணப் புச்சி பாபுவுக்கு வாய்க்கவில்லை. ஆட்டம் தொடங்கச் சில நாட்களே இருந்த நிலையில், டிசம்பர் 1908 இல் தமது நாற்பதாம் வயதில் இவர் காலமானார்.

மறைவுக்குப் பின்

மாகாணப் போட்டி 1915-16 இல் முதல்தரத் தகுதி பெற்று, 1951-52 வரை நீடித்தது. பொங்கல் விடுமுறையை ஒட்டிச் சேப்பாக்கத்தில் நடைபெற்ற இப்போட்டி, சென்னை மக்களின் ஆண்டு விழாவாகவே மாறியது. ஒரு காலத்தில் மரத்தடியில் அமரவைக்கப்பட்ட இந்தியர், அதே மைதானத்தில் எதிரணிக்கு நிகராகக் களமிறங்கினர்.

கடும் போட்டிக்கிடையிலும் இரு தரப்பினரிடையே நட்பு வளர்ந்ததற்கு எம். ஜே. கோபாலன் வாழ்க்கை சான்றாகும். ஐரோப்பியர் அணியின் முன்னணி வீரரான சி. பி. ஜான்ஸ்டன், கோபாலனின் பந்துவீச்சுத் திறனைக் கண்டு அவருக்குப் பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலை கிடைக்க உதவினார். 1934 நவம்பரில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே நடந்தது. அதில் முதற் பந்தை வீசியவர் கோபாலன். ஒரே நாளில் முடிந்த அவ்வாட்டத்தில் சென்னை வென்றது.

மாகாணப் போட்டியின் இறுதிப் பருவமான 1951-52 இலேயே, பெப்ரவரி 1952 இல் இந்தியா தனது முதல் தேர்வுத் துடுப்பாட்ட (டெஸ்ட்) வெற்றியைப் பெற்றது. தோற்ற அணி இங்கிலாந்து; களம் சேப்பாக்கம்.

குடும்பம்

புச்சி பாபுவின் மகன்களான பாலையா, பட், சி. ராமசாமி ஆகியோரும் துடுப்பாட்ட வீரர்களாக விளங்கினர். இவர்களுள் சி. ராமசாமி (பிறப்பு 1896) தாய்வழிப் பாட்டனாருக்குத் தத்துப் பிள்ளையாகச் சென்றதால் கோட்டா என்னும் குடும்பப் பெயரைப் பெற்றார். இவர் 1922 இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் போட்டியில் இந்தியாவுக்காக ஆடினார். 1936 இல் தமது நாற்பதாம் வயதில் இங்கிலாந்துக்கு எதிராக மான்செஸ்டரில் முதன்முதலாகத் தேர்வு ஆட்டத்தில் பங்கேற்று 40, 60 ஓட்டங்கள் எடுத்தார். தந்தை இறந்த வயதில் மகன் நாட்டின் அணிக்குள் நுழைந்தார்.

நினைவுப் போட்டி

புச்சி பாபுவின் நினைவாக 1909-10 இல் ஒரு போட்டித் தொடர் தொடங்கப்பட்டது. உள்ளூர் அளவில் தொடங்கிய இது பின்னர் பிற மாநில அணிகளும் பங்கேற்கும் அனைத்திந்தியத் தொடராக வளர்ந்தது. சில ஆண்டுகள் தடைபட்டிருந்த இத்தொடரைத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் 2023 இல் மீண்டும் நடத்தியது.

மதிப்பீடு

புச்சி பாபு முதல்தரப் போட்டி எதிலும் ஆடியவர் அல்லர். எனவே ஓட்டங்களையும் இலக்குகளையும் கொண்டு இவரை அளவிட இயலாது. அவமதிப்புக்கு அவமதிப்பால் பதில் தராமலும், அதை ஏற்றுக்கொண்டு பணியாமலும், தகுதியை வளர்த்துச் சமநிலையைக் கோரியதே இவர் விட்டுச்சென்ற முன்மாதிரியாகும். விளையாட்டு நடத்தை என்பது களத்தில் மட்டுமல்லாது, களத்துக்கு வெளியே எதிரணியினரை எவ்வாறு நடத்துகிறோம் என்பதையும் உள்ளடக்கியது என்பதற்கு இவரது வாழ்க்கை ஓர் எடுத்துக்காட்டாக விளங்குகிறது.