கத்தரிக்கோலும் கையுமாக ஒரு கதை மன்னர்

அழகில்லாத வாத்துக்குஞ்சு அன்னமாக மாறிய கதையைக் கேட்காத குழந்தை உண்டா? உடையே இல்லாமல் ஊர்வலம் போன ராஜாவின் கதை? கடலுக்கு அடியில் வாழ்ந்த சின்னக் கடல்கன்னியின் கதை?

இந்தக் கதைகளை எல்லாம் எழுதியவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன். டென்மார்க் நாட்டுக்காரர்.

அவர் பேனா பிடித்தது எல்லோருக்கும் தெரியும். கத்தரிக்கோல் பிடித்தது பலருக்குத் தெரியாது.

வெளியூர்ப் பயணம் என்றால் அவர் மூட்டையில் இரண்டு பொருள்கள் தவறாமல் இருக்கும். ஒன்று, நீளமான கயிறு. தங்கும் விடுதியில் தீப்பிடித்தால் ஜன்னல் வழியாக இறங்கித் தப்புவதற்கு! அவ்வளவு பயந்த சுபாவம். இன்னொன்று, ஒரு பெரிய கத்தரிக்கோல்.

கத்தரிக்கோல் எதற்கு?

ஒற்றை அறை வீடு

டென்மார்க் நமக்கு அடியோடு தெரியாத நாடு அல்ல. தரங்கம்பாடியில் கடலோரம் நிற்கும் கோட்டை டேனிஷ்காரர்கள் கட்டியதுதான். 1845-ம் ஆண்டில்தான் அந்த ஊரை இங்கிலீஷ் கம்பெனிக்கு விற்றார்கள். ஆண்டர்சனுக்கு அப்போது வயது 40.

அவர் பிறந்தது 1805-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந் தேதி. ஊர் ஓடென்சே. தகப்பனார் செருப்புத் தைப்பவர். தாயார் ஊரார் துணிகளை ஆற்றில் துவைத்துக் கொடுப்பவர். வீடு என்று இருந்தது ஒரே அறை. சமைப்பது, படுப்பது, செருப்புத் தைப்பது எல்லாம் அதிலேதான்.

தகப்பனாருக்குப் படிக்க ஆசை. வசதி இல்லை. அந்த ஆசையை மகனிடம் தீர்த்துக்கொண்டார். ராத்திரியில் அரபுக் கதைகளை வாசித்துக் காட்டுவார். சிறு பொம்மை நாடக மேடை ஒன்றும் செய்து கொடுத்தார்.

பையன் மேடையோடு உட்கார்ந்துவிட்டான். தெருப் பிள்ளைகளோடு விளையாடப் போகமாட்டான். கந்தல் துணி கிடைத்தால் போதும். வெட்டுவான், தைப்பான், பொம்மைகளுக்கு உடுத்திப் பார்ப்பான்.

தாயார் இதைக் கவனித்தார். மனதில் கணக்குப் போட்டார். பையன் நன்றாக வெட்டுகிறான், நன்றாகத் தைக்கிறான். தையல்காரனாகிவிட்டால் வயிற்றுக்குக் கவலை இல்லை! ஏழைத் தாய் வேறு எப்படி நினைப்பார்?

அந்தக் குடும்பத்தில் இன்னொருவரையும் சொல்ல வேண்டும். தகப்பனாரைப் பெற்ற தாத்தா. அவருக்குப் புத்தி சுவாதீனம் இல்லை. மரத்தைச் செதுக்கி விநோத உருவங்கள் செய்வார். மிருகத் தலை வைத்த மனிதன், இறக்கை முளைத்த மிருகம், இப்படி. கூடையில் போட்டுக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய், குழந்தைகளுக்கும் குடியானவர்களுக்கும் சும்மா கொடுத்துவிடுவார். தெருப் பிள்ளைகள் அவரைக் கேலி செய்து விரட்டுவார்கள். பேரன் ஒளிந்துகொண்டு நடுங்குவான். தாத்தாவைப் போல நமக்கும் ஆகிவிடுமோ என்ற பயம் ஆண்டர்சனைக் கடைசி வரை விடவில்லை.

தகப்பனார் கூலி வாங்கிக்கொண்டு இன்னொருவருக்குப் பதிலாகப் பட்டாளத்தில் சேர்ந்தார். உடல் நைந்து திரும்பினார். 1816-ல் இறந்தார். பையனுக்கு வயது 11.

தலைநகருக்கு ஓட்டம்

1819-ம் ஆண்டு. பையனுக்கு 14 வயது. இனித் தையல் வேலைக்குப் போ என்று தாயார் வற்புறுத்தினார். அவன் கேட்கவில்லை. நாடகக்காரன் ஆவேன், பெரிய மனிதன் ஆவேன் என்று அழுது அடம் பிடித்து, கையில் இருந்த சொற்பக் காசோடு கோபன்ஹேகன் நகருக்குப் புறப்பட்டுவிட்டான்.

அங்கே பட்ட பாடு கொஞ்சமல்ல. பாட்டு கற்றுக்கொள்ளப் போனான். குரல் உடைந்தது. நடனம் கற்கப் போனான். ஒட்டடைக் கம்பு போன்ற உடம்பு, பெரிய கை, பெரிய கால். பார்த்தவர்கள் சிரித்தார்கள். பசி வேறு.

அந்த நாளிலும் அவன் விடாதது ஒன்று உண்டு. ஜவுளிக் கடைகளில் கெஞ்சிப் பட்டுத் துணி நறுக்குகள் வாங்கி வருவான். அறையில் தனியாக உட்கார்ந்து பொம்மைகளுக்குச் சட்டை தைப்பான். மீசை அரும்பும் வயதில் பொம்மை விளையாட்டு!

கடைசியில் யோனாஸ் காலின் என்ற பெரிய அதிகாரி இரக்கப்பட்டார். ராஜாவின் பணத்தில் படிக்க ஏற்பாடு செய்தார். 17 வயது ஆண்டர்சன், தன்னைவிடச் சின்னப் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து இலக்கணம் படித்தார். தலைமை ஆசிரியர் வாயைத் திறந்தாலே ஏச்சு. அந்த நினைவு கிழவரான பிறகும் கனவில் வந்து மிரட்டியது.

1828-ல் சர்வகலாசாலைப் பரீட்சையில் தேறினார். பிறகு கவிதை, நாடகம், நாவல். 1835-ல் குழந்தைக் கதைகளின் முதல் சிறு புத்தகம் வந்தது.

தாயார் அதைப் பார்க்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு, 1833-ல், ஓடென்சேயில் ஏழைகள் விடுதியில் அவர் கண்ணை மூடிவிட்டார். செய்தி கிடைத்தபோது மகன் ரோமாபுரியில் இருந்தார். மகன் கைக்கு ஏற்ற கருவி கத்தரிக்கோல் என்று அந்தத் தாய் கண்டது சரிதான். அதற்கு உரிய வேலை எது என்பதைத்தான் அப்போது யாராலும் சொல்ல முடிந்திருக்காது.

விருந்தாளி

ஆண்டர்சன் கலியாணம் செய்துகொள்ளவில்லை. விரும்பிய பெண்கள் அவரை விரும்பவில்லை. சொந்த வீடும் இல்லை. வாடகை அறை. கோபன்ஹேகனில் வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நண்பர் வீட்டில் சாப்பாடு. கோடைக்காலம் வந்தால் பிரபுக்களின் மாளிகையில் மாதக்கணக்கில் வாசம்.

புகழ் வந்த பிறகும் விருந்தாளி விருந்தாளிதானே? பிறர் வீட்டுச் சாப்பாட்டுக்குக் கைமாறாக எதைக் கொடுப்பது?

சாப்பாடு முடியும். விளக்கைச் சுற்றி எல்லோரும் உட்காருவார்கள். ஆண்டர்சன் சட்டைப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுப்பார். கையில் அகப்பட்ட காகிதத்தை மடிப்பார். கதை சொல்லத் தொடங்குவார்.

வாய் கதை சொல்லும். கை வெட்டிக்கொண்டே போகும். பென்சில் கோடு கிடையாது. துணுக்குகள் மடியில் உதிரும். என்ன வெட்டுகிறார் என்று யாருக்கும் புரியாது. கதை முடிந்ததும் காகிதத்தை விரிப்பார்.

ஒரு மாளிகை! வாசலில் இரண்டு காவலர்கள். மேலே இரண்டு அன்னங்கள். ஒற்றைக் காலில் நிற்கும் நடனக்காரிகள். எல்லாம் ஒரே காகிதத்தில், ஒன்றோடு ஒன்று ஒட்டியபடி!

இதன் சூட்சுமம் மடிப்பில் இருக்கிறது. காகிதத்தை இரண்டாக மடித்து ஒரு பக்கம் பாதி முகம் வெட்டினால், விரிக்கும்போது முழு முகம் வரும். ஓரத்தில் ஒரு பெண்ணை வெட்டினால் இரண்டு பெண்கள் எதிர் எதிரே நிற்பார்கள். இன்னொரு மடிப்பு மடித்தால் நான்கு பேர். கண், வாய் போன்ற நடுத் துவாரங்களுக்கு அந்த இடத்தை மட்டும் லேசாக மடித்து, நுனியில் ஒரு கொத்துக் கொத்தினால் போதும். உருவங்கள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். தொடர்பு அறுந்தால் எல்லாம் உதிர்ந்துவிடும். அதுதான் கஷ்டம்.

வீட்டில் பிள்ளைகள் செய்து பார்க்கலாம். முதலில் மாளிகை வேண்டாம், ஒரு முகம் போதும்.

இன்று காகித வேலைக்கு எத்தனையோ சாமான்கள் வந்துவிட்டன. பேனா போன்ற கூர்க்கத்தி, அடியில் வைக்கும் வெட்டுப் பலகை, பூ வடிவில் துளை போடும் கருவி என்று கடையில் வரிசையாக இருக்கின்றன. வாங்கிப் பழகியவர்கள், இதை முன்பே வாங்காமல் போனோமே என்று சொல்வது உண்டு. ஆண்டர்சனிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதுவும் சிறு வேலைக்கு ஏற்ற சின்னக் கத்தரி அல்ல. அவ்வளவு பெரிய கையில் அவ்வளவு பெரிய கத்தரி, ஊசி முனை அளவுக்குக் கண்ணும் மூக்கும் வெட்டியது.

டிக்கன்ஸ் வீட்டில்

1857-ல் ஆண்டர்சன் இங்கிலாந்துக்குப் போனார். புகழ் பெற்ற நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்திருந்தார். இரண்டு வாரம் தங்குவார் என்று எதிர்பார்த்தார்கள். ஐந்து வாரம் தங்கிவிட்டார்!

ஆண்டர்சனுக்கு இங்கிலீஷ் சரியாக வராது. சொல்வது அவர்களுக்குப் புரியாது. அவர்கள் சொல்வது இவருக்குப் புரியாது. தம் புத்தகத்தை ஒரு பத்திரிகை குறை கூறியதைப் படித்துவிட்டுப் புல்தரையில் விழுந்து அழுதார். வீட்டார் சலித்துப் போனார்கள். டிக்கன்ஸின் மகள் ஒருத்திக்கு அவரைக் கண்டாலே பிடிக்கவில்லை.

ஆனால் டிக்கன்ஸின் சின்ன மகன் ஒருவருக்கு வேறு நினைவு இருந்தது. அவருக்கு அப்போது 8 வயது. வளர்ந்து பெரிய வக்கீலாகி, முதுமையில் பழைய நாட்களை எழுதியபோது, ஆண்டர்சன் சாதாரணக் கத்தரிக்கோலால் குட்டித் தேவதைகளையும் மிருகங்களையும் வெட்டிக் கொடுத்ததை மறக்காமல் எழுதினார். மொழி தெரியாத வீட்டில் அந்தக் கத்தரிக்கோல் ஒன்றுதான் அவருக்காகப் பேசியிருக்கிறது.

விருந்தாளி போனதும் டிக்கன்ஸ் கடிதம் எழுதுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டார். ஏன் என்று ஆண்டர்சனுக்குக் கடைசி வரை புரியவில்லை. பாவம்!

கதைக்குள் காகிதம்

அவர் கதைகளைத் திருப்பிப் பார்த்தால் அங்கும் காகிதம் கிடக்கிறது. 1835-ம் ஆண்டுப் புத்தகத்தில் இடா என்ற சிறுமியின் பூக்கள் பற்றி ஒரு கதை. அதில் காகிதத்தில் மாளிகை வெட்டித் தரும் ஒரு மாணவன் வருகிறான். அவன் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

ஒற்றைக் கால் தகர சிப்பாயின் கதை 1838-ல் வந்தது. அந்தச் சிப்பாய் காதலிப்பது யாரை? காகித மாளிகையின் வாசலில் நிற்கும் காகித நடனக்காரியை! அவன் சாக்கடையில் மிதந்து போவதும் செய்தித்தாளில் மடித்த கப்பலில்தான்.

காகிதத்தில் வெட்டியவை எல்லாம் அன்னமும் பூவும் அல்ல. தூக்கு மரத்தில் தொங்கும் மனிதன், அவன் பக்கத்தில் ஒரு இருதயம். இருதயம் திருடிய கள்வனாம்! வயிற்றில் கதவு வைத்த காற்றாலை மனிதன். மண்டை ஓடு. கறுப்புக் காகிதத்தில் பக்கவாட்டு முகம் வெட்டித் தரும் தொழிலாளிகள் அந்தக் காலத்து ஐரோப்பாவில் நிறைய இருந்தார்கள். இவர் வெட்டியது அந்த ரகம் அல்ல. மரத்தில் விநோதம் செதுக்கிச் சும்மா கொடுத்த தாத்தாவின் கைதான் பேரனுக்கு வந்திருக்கிறது என்று தோன்றுகிறது. தாத்தாவைக் கேலி செய்தார்கள். பேரனைச் சீமாட்டிகள் சுற்றி உட்கார்ந்து ரசித்தார்கள்.

சில குழந்தைகளுக்குப் புத்தகமே செய்து கொடுத்தார். காலின் குடும்பத்தில் ஒரு பேத்திக்குப் பிறந்த கிறிஸ்டீன் என்ற சிறுமிக்கு 1859-ல், அவளுடைய தாத்தாவோடு சேர்ந்து ஒரு படப் புத்தகம் செய்தார். படங்களை வெட்டி ஒட்டி, தம் காகித உருவங்களையும் சேர்த்து, அடியில் சிறு பாட்டுகளும் எழுதினார்.

இதற்காக அவர் குழந்தைகளை மடியில் வைத்துக் கொஞ்சியவர் என்று எண்ண வேண்டாம். கடைசிக் காலத்தில் அவருக்குச் சிலை வைக்க ஏற்பாடு நடந்தது. குழந்தைகள் அவர் மேல் சாய்ந்து நிற்பது போல ஒரு மாதிரி காட்டினார்கள். கோபம் வந்துவிட்டது. என் கதைகள் பெரியவர்களுக்கும்தான் என்று வாதாடினார். குழந்தைகள் இல்லாத சிலைதான் இன்று கோபன்ஹேகன் பூங்காவில் இருக்கிறது.

கடைசி வேலை

1867-ம் ஆண்டு டிசம்பரில் ஓடென்சே நகரம் அவருக்குக் கௌரவப் பிரஜை பட்டம் அளித்தது. ஊரெங்கும் தீபாலங்காரம். சலவைக்காரியின் மகன் ஜன்னலில் நின்று பார்த்தார். அன்று அவருக்குப் பொறுக்க முடியாத பல்வலி!

1872-ல் கடைசிக் கதைகள் அச்சாயின. பிறகு நோய் படுக்கையில் தள்ளியது. பேனா ஓடவில்லை. கத்தரிக்கோல் ஓடியது.

1873, 1874-ல் எட்டு மடிப்புள்ள பெரிய தடுப்புத் திரை ஒன்றை எடுத்துக்கொண்டார். பத்திரிகைகளிலிருந்தும் அச்சுப் படங்களிலிருந்தும் நூற்றுக்கணக்கான முகங்களையும் கட்டிடங்களையும் வெட்டி அதில் ஒட்டினார். ஒரு மடிப்பில் சிறு வயது. ஒன்றில் நாடக உலகம். மற்றவற்றில் டென்மார்க், ஜெர்மனி, பிரான்ஸ், இங்கிலாந்து என்று அவர் சுற்றிய நாடுகள்.

அந்த நாளில் அவரைக் கவனித்துக்கொண்டது மெல்கியோர் என்ற வியாபாரியின் குடும்பம். வீட்டு அம்மாள் டொரோத்தியாவுக்காக 1874-ல் பெரிய காகித வெட்டு ஒன்று செய்தார். நடனக்காரிகள், முகமூடிகள், கதை உருவங்கள் எல்லாம் அந்த ஒரே தாளில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.

அந்தக் குடும்பத்தின் தோட்ட வீட்டிலேயே 1875-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந் தேதி அவர் உயிர் பிரிந்தது. வயது 70.

அவர் வெட்டிக் கொடுத்த காகிதங்களைக் குழந்தைகள் புத்தகத்துக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள். பெரியவர்களாகித் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பல நூறு இன்றும் இருக்கின்றன. 1908-ல் ஓடென்சேயில் அவர் பெயரால் திறந்த காட்சிசாலையில் அவற்றில் பலவற்றைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். தடுப்புத் திரையும் அங்கேதான். காகிதம் பழுப்பேறிவிட்டது. உற்றுப் பார்த்தால், நடுவில் அவர் மடித்த கோடு தெரிகிறது.