வெளிச்சத்தைத் தாளில் எழுதி வைத்த ஜீன் ரோசந்தால்



மலருக்குக் கட்டுரை எழுதப் போறேன் என்றதும் எடிசனா, ஃபாரடேவா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அவர்கள் இரண்டு பேரும் நமக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். நான் எழுதப்போவது நாடக மேடைத் தொழிலில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த, நமக்கு அவ்வளவாகத் தெரியாத ஒரு அம்மாவைப் பற்றி. பெயர் ஜீன் ரோசந்தால். நியூயார்க்கில் 1912-ல் பிறந்து 1969-ல் காலமானவர். மேடை விளக்கு அமைப்பது என்பதையே தனி வேலையாக, மரியாதையான தொழிலாக ஆக்கியவர்களில் முன்னால் நின்றவர்.

அவரை எனக்குத் தெரிய வந்ததே ஒரு அவமானத்தால்தான். போன ஆண்டு விழா நாடகத்துக்கு நான்தான் லைட். நம் கலையரங்கத்து டெஸ்க் உங்களுக்குத் தெரியும். மேலே பன்னிரண்டு ஸ்லைடர், கீழே பன்னிரண்டு ஸ்லைடர். வேண்டிய அளவுக்குத் தள்ளி வைத்து, ரெக்கார்டு பட்டனை அழுத்திக்கொண்டு ஒரு சீன் பட்டனைத் தொட்டால் அந்த வெளிச்சம் அப்படியே உள்ளே பதிந்துவிடும். அப்புறம் அந்த ஒரு பட்டன் போதும். மத்தியானம் பூரா உட்கார்ந்து ஒன்பது சீன் பதிந்தேன். ரெக்கார்டை விடுவிக்க மறந்துவிட்டேன். எல்லா ஸ்லைடரையும் கீழே இறக்கிவிட்டு நாலாவது சீனைச் சோதித்துப் பார்க்கப் பட்டனைத் தொட்டேன். சீன் வரவில்லை. அதற்குப் பதிலாக இருட்டு பதிந்துவிட்டது! அதுவும் எனக்குத் தெரியாது. சாயங்காலம் அம்மா செத்துப்போகிற காட்சியில் நாலாவது பட்டனை அழுத்தினேன், மேடை கும்மிருட்டு. விசில் பறந்தது. மேடையில் படுத்திருந்த பெண் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் எங்கள் துறை சார் திட்டவே இல்லை. எந்த ஸ்லைடர் எவ்வளவு என்று எழுதின தாளைக் காட்டு என்றார். தாளா? டெஸ்க்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளுமே என்று நான் எதையும் எழுதவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு வாரம் கழித்து சில பக்கங்கள் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். அதில்தான் ஜீன் இருந்தார். அதற்கப்புறம் நானாகத் தேடித் தேடிப் படித்தது பாக்கி.

ஜீனுடைய அப்பா அம்மா இரண்டு பேருமே ருமேனியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிவந்த யூதர்கள். இரண்டு பேரும் டாக்டர்கள். (இதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டினதே நான்தான்.) ஆனால் பெண்ணுக்குப் படிப்பு ஒழுங்காக ஓடவில்லை. பள்ளி முடித்ததும் நியூயார்க்கில் நெய்பர்ஹுட் பிளேஹவுஸ் என்ற நாடகப் பள்ளியில் சேர்ந்தார். நடிக்க அவருக்கு மனசு இல்லை, மேடைக்குப் பின்னால் நடக்கும் வேலையில்தான் ஆசை. அங்கே நடனம் சொல்லிக்கொடுத்த மார்த்தா கிரகாமைச் சந்தித்தார். மார்த்தா பின்னாளில் உலகப் புகழ் பெற்ற நடன மேதை. அந்த உறவு சாகும்வரை விடவில்லை, கிட்டத்தட்ட நாற்பது வருஷம்.

பிறகு யேல் பல்கலைக்கழக நாடகப் பள்ளிக்குப் போனார். அங்கே ஸ்டான்லி மெக்கண்ட்லெஸ் என்று ஒரு ஆசிரியர். மேடையைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் இடமும் வலமும் 45 டிகிரியில் இரண்டு விளக்கு, ஒன்று இளஞ்சூடான நிறம், இன்னொன்று குளிர்ந்த நிறம் என்று முறைப்படுத்தி 1932-ல் புத்தகமே போட்டவர். அதுவரைக்கும் மேடை வெளிச்சம் என்பது கைப்பழக்கமாகவும் குருட்டாம்போக்காகவும் இருந்தது. அதை வகுப்பில் சொல்லித்தரக்கூடிய பாடமாக ஆக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

ஜீன் வெளியே வந்த நேரம் அமெரிக்காவில் பெரிய பஞ்ச காலம். 1935-ல் வேலையில்லாத நாடகக்காரர்களுக்காக அரசாங்கமே ஃபெடரல் தியேட்டர் என்று ஒரு திட்டம் ஆரம்பித்தது. அதில் ஜான் ஹவுஸ்மன், ஆர்சன் வெல்ஸ் இரண்டு பேரிடமும் வேலை செய்தார். 1937 ஜூன் 16 அன்று நடந்த ஒன்றை இங்கே சொல்லியே ஆகவேண்டும். தி க்ரேடில் வில் ராக் என்ற இசை நாடகம், தொழிற்சங்கத்தைப் பற்றியது. கடைசி நேரத்தில் மேலிடத்திலிருந்து புது நாடகம் எதுவும் போடக்கூடாது என்று உத்தரவு. தியேட்டரைப் பூட்டிக் காவல் போட்டுவிட்டார்கள். செட்டு, உடை எல்லாம் உள்ளே. வேறு தியேட்டர் தேட ஆள் போனது. ஜீனுக்குக் கொடுத்த வேலை ஒரு பியானோ பிடிப்பது. வாடகைக்கு ஒரு பியானோவைப் பிடித்து லாரியில் ஏற்றியாகிவிட்டது, ஆனால் எங்கே இறக்குவது? தியேட்டர் கிடைக்கும்வரை அந்த லாரியில் உட்கார்ந்து நியூயார்க் தெருக்களைச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். கடைசியில் இருபத்தோரு தெரு தள்ளி வெனிஸ் தியேட்டர் கிடைத்தது. கூட்டம் அத்தனையும் நடந்தே அங்கே போனது. மேடையில் இசையமைப்பாளர் மார்க் பிளிட்ஸ்டைன் தனியாகப் பியானோ வாசிக்க, நடிகர்கள் பார்வையாளர்களுக்கு நடுவில் எழுந்து நின்று பாடினார்கள். ஜீனுக்கு அப்போது வயது இருபத்தைந்து.

அதே வருஷம் நவம்பரில் வெல்ஸும் ஹவுஸ்மனும் சேர்ந்து மெர்க்குரி தியேட்டர் ஆரம்பித்து ஜூலியஸ் சீசர் போட்டார்கள். ராணுவ உடுப்பு, வெறும் மேடை. பணம் கிடையாது. தரையிலிருந்து மேல்நோக்கிச் செங்குத்தாகத் தூண் தூணாக வெளிச்சம். அந்த நாளில் ஜெர்மனியில் ஹிட்லர் கட்சிக் கூட்டங்களில் இப்படித்தான் வானத்தைப் பார்த்து விளக்கு அடிப்பார்கள். அதைப் பார்த்தவர்களுக்கு ஒரு வசனம் கூடத் தேவைப்பட்டிருக்காது.

இப்போது நம் பாடத்துக்கு வருவோம். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

அன்றைக்கு பிராட்வே தியேட்டர்கள் பலவற்றில் சப்ளை டிசி. பக்கத்து ஊரெல்லாம் ஏசிக்கு மாறின பிறகும் அங்கே டிசி ரொம்ப வருஷம் நீடித்தது. டிசியில் டிரான்ஸ்ஃபார்மர் வேலை செய்யாது. தைரிஸ்டர் வந்த பிறகும் கூட, ஏசி என்றால் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் கரண்ட் பூஜ்ஜியத்துக்கு வரும்போது தானாக அணையும், டிசியில் அணையாது என்று நாம் பவர் எலக்ட்ரானிக்ஸில் படிக்கிறோமே, அதே சங்கடம். ஆகவே மிச்சம் இருந்தது ரெசிஸ்டன்ஸ் தட்டுதான். விளக்குக்குத் தொடராக ஒரு பெரிய தடை, கைப்பிடியைத் தள்ளினால் தடை கூடும், விளக்கு மங்கும், மிச்சம் எல்லாம் சூடு. இப்படிப் பத்துப் பன்னிரண்டு தட்டுகளை ஒரு பெட்டியில் அடைத்து வைத்திருப்பார்கள். நிற்கிற பியானோ மாதிரி இருப்பதால் அதற்குப் பியானோ போர்டு என்று பெயர். ஒரு நாடகத்துக்கு இப்படிப் பல பெட்டிகள், அவற்றுக்குப் பல எலக்ட்ரீஷியன்கள். ஒரே நேரத்தில் ஆறேழு பிடியை நகர்த்த வேண்டி வந்தால் முழங்கையும் கட்டையும் கூட உதவிக்கு வரும்.

இன்னொரு வேடிக்கை. 1000 வாட் விளக்குக்காகச் செய்த தட்டில் 250 வாட் விளக்கை மாட்டினால் என்ன ஆகும்? விளக்கின் தடை நாலு மடங்கு. தட்டில் போதுமான வோல்ட்டேஜ் விழாது. பிடியைக் கடைசிவரை தள்ளினாலும் விளக்கு முழுசா அணையாமல் மினுக்கிக்கொண்டே இருக்கும். அதற்காக இன்னொரு 750 வாட் விளக்கை இணையாகக் கொடுத்து, பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாத மூலையில் வைத்து எரியவிடுவார்கள். அதற்குப் பேய் லோடு என்று பெயர். யாருக்கும் வெளிச்சம் தராமல் பக்கத்து விளக்கு ஒழுங்காக அணைவதற்காகவே எரிகிற விளக்கு. படித்தபோது எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

இந்தப் பெட்டிக்கு ஞாபகம் கிடையாது. ரெக்கார்டு பட்டன் கிடையாது. ஆனால் நாடகம் தினமும் நடக்க வேண்டும், வருஷக்கணக்கில். முதல் நாள் விழுந்த அதே நிலா வெளிச்சம் நூறாவது நாளும் விழ வேண்டும், ஆள் மாறினாலும் விழ வேண்டும். ஜீன் இதற்குக் கண்ட வழி தாள். எந்தக் குழாயில் எந்த விளக்கு தொங்குகிறது என்று அளவோடு வரைபடம், ஒவ்வொரு வகை விளக்குக்கும் ஒரு குறியீடு. எந்த விளக்கு எந்தத் தட்டில், எத்தனை வாட், என்ன கலர் என்று ஒரு பட்டியல். எது மேடையில் எங்கே விழ வேண்டும் என்று இன்னொன்று. கடைசியாக க்யூ தாள். எத்தனாவது மாற்றம், எந்தப் போர்டு, எந்தப் பிடி, எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, எவ்வளவு நேரத்தில். பிடியில் பூஜ்ஜியத்திலிருந்து பத்து வரை எண் இருக்கும். மேடை மேலாளர் குரல் கொடுத்ததும் ஆட்கள் தாளைப் பார்த்துச் செய்வார்கள். நம் டெஸ்க் சிப்புக்குள் வைத்திருக்கிற அதே விவரம்தான். இன்றைய டிஎம்எக்ஸில் பத்துக்குப் பதிலாக 255, அவ்வளவுதான். இப்படி எழுதுவதில் அவர் ஒருவர்தான் முன்னோடி என்று சொல்லமாட்டேன். ஆனால் இதை ஒழுங்குமுறையாக்கித் தொழில் முழுக்கப் பரவச் செய்ததில் அவருக்கு நிகர் குறைவு.

தாளின் அருமை நியூயார்க் சிட்டி பாலே குழுவில்தான் நன்றாகத் தெரிந்தது. 1948-ல் அந்தக் குழு அந்தப் பெயரில் தொடங்கியதிலிருந்து சுமார் பத்து வருஷம் அவர்தான் விளக்கு. இன்று ராத்திரி மூன்று நான்கு நடனம், நாளைக்கு வேறே. ஒவ்வொன்றுக்கும் விளக்கைக் கழற்றி மாட்ட நேரம் ஏது? விளக்குகளை இடம் மாற்றாமல் நிலையாகத் தொங்கவிட்டு, நடனத்துக்கு நடனம் அளவையும் கலரையும் மட்டும் மாற்றினார். பக்கவாட்டில் நிறுத்தின குழாய்களிலிருந்து வெளிச்சம் அடித்ததால் ஆடுகிறவர்களின் உடம்பு தட்டையாகத் தெரியாமல் சிலை மாதிரி திரண்டு தெரிந்தது. மார்த்தாவுக்கோ மேலிருந்து குறுக்காக விழும் ஒற்றை ஒளிக்கற்றை. அவர் குழுவில் அதைக் கடவுளின் விரல் என்றே அழைத்தார்களாம்.

பிராட்வேயில் அவர் வெளிச்சம் போட்ட நாடகங்களின் பட்டியல் நீளம். வெஸ்ட் சைட் ஸ்டோரி 1957, தி சவுண்ட் ஆஃப் மியூசிக் 1959, ஹலோ டாலி, ஃபிட்லர் ஆன் தி ரூஃப் இரண்டும் 1964, கேபரே 1966. நடுவில் 1940-லேயே தியேட்டர் புரொடக்ஷன் சர்வீஸ் என்று சொந்த நிறுவனமும் தொடங்கியிருந்தார்.

எலக்ட்ரீஷியன்கள் அத்தனை பேரும் ஆண்கள். ஒரு பெண் வந்து அந்தப் பிடியை மூணில் நிறுத்து என்றால் சும்மா கேட்பார்களா? ஜீன் சத்தம் போட்டதில்லை. தயவுசெய்து, நன்றி இல்லாமல் ஒரு வேலை சொன்னதில்லை. அதோடு எந்த வயர் எந்தத் தட்டுக்குப் போகிறது என்று அவர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும், எல்லாம் கையில் தாளாக இருக்கும். நம் வகுப்பில் ஐம்பத்தாறு பேரில் பெண்கள் நாலு பேர். லேபில் மோட்டாருக்கு வயர் கொடுக்கப் போனால் நீ ரீடிங் எழுது என்று நோட்டைக் கையில் திணிப்பவர்கள் இருக்கிறார்கள், யாரென்று அவர்களுக்கே தெரியும். முன்பெல்லாம் எரிச்சலாக வரும். இப்போது ரீடிங்கும் எழுதுகிறேன், வயரும் நானே கொடுக்கிறேன்.

1969 மே 1 அன்று புற்றுநோயால் இறந்தார், 57 வயது. அதற்குச் சில நாட்கள் முன்புகூட மார்த்தாவின் புது நடனத்துக்கு அவர்தான் வெளிச்சம். அவர் எழுதிய தி மேஜிக் ஆஃப் லைட் புத்தகம் 1972-ல்தான் வெளிவந்தது. ஞாபகம் வைத்துக்கொள்ளும் டெஸ்க் பிராட்வேக்கு வந்ததையும் அவர் பார்க்கவில்லை. 1975-ல் எ கோரஸ் லைன் நாடகத்துக்கு தாரன் மஸ்ஸர் கொண்டுவந்தார். அவரும் பெண், அவரும் யேலில் படித்தவர்.

எங்கள் அப்பா இருபத்தைந்து வருஷமாகத் திருவிழா சீரியல் செட் கட்டுகிறவர். கையெழுத்து மட்டும்தான் போடுவார். பழைய மயில் செட் ஒன்று இருக்கிறது, தோகை அஞ்சு படியாக விரிந்து மடங்கும். அதை ஓட்டுவது ஒரு மர உருளை. மேலே பித்தளைத் தகடு துண்டு துண்டாக அடித்திருக்கும், மோட்டார் சுற்றச் சுற்ற தகடு தொடுகிற வரிசை எரியும். அப்பா பதிந்த சீன் அது, தகடும் ஆணியுமாக. எங்கே எத்தனை அங்குலம் என்பது அவர் தலையில் மட்டும்தான். இப்போது எல்லாரும் ரெடிமேட் கண்ட்ரோலருக்குப் போய்விட்டதால் உருளை பரணில் கிடக்கிறது, மூன்று தகடு விழுந்துவிட்டது. எங்கே இருந்தது என்று போன பொங்கலுக்குக் கேட்டேன். அப்பா ரொம்ப நேரம் யோசித்தார். இரண்டு சரியாகச் சொன்னார். மூன்றாவது ஞாபகம் வரவில்லை.

செமஸ்டர் லீவில் உருளையைக் கீழே இறக்கினோம். அப்பா கையால் மெதுவாகச் சுற்றுகிறார், நான் கிராஃப் தாளில் ஒவ்வொரு வரிசையாகக் குறித்துக்கொண்டு வருகிறேன். நாலு வரிசை முடிந்திருக்கிறது. அஞ்சாவதில்தான் அந்தத் தகடு.

— மூன்றாம் ஆண்டு மாணவி, மின் மற்றும் மின்னணுப் பொறியியல் துறை